‘வாட்ஸ் மை லைன்?’ நிகழ்ச்சியில் சால்வடார் டாலி

ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடார் டாலி (1904–1989), 1957 ஜனவரியில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘வாட்ஸ் மை லைன்?’ என்ற விளையாட்டு நிகழ்ச்சியில் மர்ம விருந்தினராகக் கலந்துகொண்டார். சில நிமிடங்களே நீளும் இப்பகுதி பெரும்பாலும் வேடிக்கைத் துணுக்காகவே பார்க்கப்படுகிறது. கலைஞன் என்பவன் யார் என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

நிகழ்ச்சியின் அமைப்பு

1950 முதல் 1967 வரை ஒளிபரப்பான இந்நிகழ்ச்சியை ஜான் சார்ல்ஸ் டேலி நடத்தினார். ‘என் தொழில் என்ன?’ என்பதே தலைப்பின் பொருள். வந்திருப்பவரின் தொழிலை நால்வர் கொண்ட குழு கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே இருக்கலாம். ஒவ்வோர் ‘இல்லை’க்கும் விருந்தினர் கணக்கில் 5 டாலர் சேரும், பத்து ‘இல்லை’ சேர்ந்தால் குழு தோற்றதாகும். புகழ்பெற்றவர் வரும்போது குழுவினரின் கண்கள் கட்டப்படும். அவர் கரும்பலகையில் கையொப்பமிட்டுவிட்டு வந்து அமர்வார்.

டாலி கையொப்பமிட்டபோதே அரங்கில் ஆரவாரம் எழுந்தது. கண் கட்டப்பட்ட நால்வருக்கு மட்டும் யார் வந்திருக்கிறார் என்பது தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் ‘ஆம்’

மேடையில் தோன்றுபவரா, எழுதுபவரா, விளையாட்டுத் துறையோடு தொடர்புடையவரா, கதாநாயகர் என்று சொல்லத்தக்கவரா என்றெல்லாம் குழுவினர் கேட்டனர். டாலி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தயங்காமல் ‘ஆம்’ என்றார். சில விடைகள் குழுவைத் தவறான வழியில் கொண்டுபோகும் என்று நடத்துநர் குறுக்கிட்டு விளக்க வேண்டியதாயிற்று. இந்த மனிதர் செய்யாத வேலையே இல்லையா என்று குழுவினர் வியந்தனர். இறுதியில் மீசையைப் பற்றிய கேள்விதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

விடைகளின் உண்மை

டாலி கேலிக்காகவே அப்படி விடையளித்தார் என்பது பொதுவான கருத்து. அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் இதை முழுவதும் ஏற்க இயலாது. 1942இல் தன்வரலாறும் 1944இல் ‘மறைந்த முகங்கள்’ என்ற நாவலும் அவர் பெயரில் வெளிவந்திருந்தன. 1929இல் லூயி புனுவலுடன் சேர்ந்து ‘அந்தலூசிய நாய்’ என்ற திரைப்படத்தை உருவாக்கினார். ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945) படத்துக்குக் கனவுக் காட்சியை வடிவமைத்தார். பாலே நாடகத்துக்குக் கதையும் அரங்கமைப்பும் தந்தார். எழுத்தாளரா என்ற கேள்விக்கு அவர் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் அதுதான் பொய்.

விளையாட்டு, கதாநாயகர் பற்றிய விடைகளில் மிகை உண்டு. ஆனால் விளையாட்டின் விதியே ஒருவருக்கு ஒரு தொழில்தான் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. வேண்டாத கிளைகளைக் கழித்துக்கொண்டே போனால்தான் விடை கிடைக்கும். கழிப்பதற்கு ‘இல்லை’ வேண்டும். எந்தக் கிளையையும் வெட்ட விடாத விருந்தினர் முன் அந்த முறை தடுமாறியது. கனவுக்கும் நனவுக்கும் இடையிலுள்ள கோட்டை அழிக்க முயன்ற மீமெய்யியல் இயக்கத்தில் வளர்ந்தவருக்கு, தொழில்களுக்கு இடையிலுள்ள கோடு பெரிதாகத் தோன்றாததில் வியப்பில்லை.

மீசையும் ஓவியமும்

இப்பகுதியைப் பாராட்டுவோர் எளிதில் கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. உருகி வழியும் கடிகாரங்களைக் கொண்ட ‘நினைவின் நிலைபேறு’ (1931) அவருடைய மிகப் புகழ்பெற்ற ஓவியம். அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலேயே இருந்தது. ஆயினும் அதே நகரத்தில் அவரை அடையாளம் காட்டியது மீசைதான். அந்த மீசையை மட்டுமே பொருளாகக் கொண்டு, ஃபிலிப் ஹால்ஸ்மன் எடுத்த ஒளிப்படங்களோடு 1954இல் ஒரு புத்தகமும் வந்திருந்தது.

மீமெய்யியல் இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன், டாலியின் பெயரிலுள்ள எழுத்துகளை மாற்றி அடுக்கி ‘அவிதா டாலர்ஸ்’ என்று பழித்தார். டாலர் மீது பேராசை கொண்டவர் என்பது அதன் குறிப்பு. கலைஞன் தன்னையே விளம்பரப் பொருளாக்கும்போது படைப்பு பின்னுக்குத் தள்ளப்படும் என்ற அவருடைய அச்சத்துக்கு இந்நிகழ்ச்சி சான்றாகிறது. டாலர் ஆசைக்காரர் என்று பழிக்கப்பட்டவர், டாலர் தரும் ‘இல்லை’யைச் சொல்லாமல் ‘ஆம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்ததும் அதே மேடையில்தான்.

மதிப்பீடு

டாலி விளையாட்டைத் திட்டமிட்டுக் கவிழ்த்தார் என்று சொல்வதும், ஒன்றும் புரியாமல் தலையாட்டினார் என்று சொல்வதும் மிகையே. அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த பரந்த எண்ணத்தை நேரடியாகச் சொன்னார். நடத்துநர் அதை நிகழ்ச்சியின் அளவுக்குக் குறுக்க முயன்றார். நகைச்சுவை இவ்விரண்டின் மோதலில் பிறக்கிறது. பல துறைகளில் உண்மையாகவே உழைத்த ஒருவரைப் பொதுமக்கள் ஒரே ஓர் அடையாளத்தால் நினைவில் வைத்தனர். அந்த அடையாளத்தை வளர்த்துவிட்டவரும் அவரே. இப்பகுதியைப் பார்க்கும் மாணவர்கள் சிரித்து முடித்தபின் அவருடைய ஓவியங்களையும் பார்ப்பது நல்லது. மீசை சொல்லாதவற்றை அவை சொல்லும்.