கோவூர்கிழாரும் சந்து செய்வித்தலும்

பகை மூண்ட இடத்தில் புலவன் செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கு விடையாக நிற்பன கோவூர்கிழார் பாடிய சில புறப்பாட்டுகள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்து உலகிற்கு அளித்த புறநானூற்றில் 44 முதல் 47 வரையுள்ள நான்கு பாட்டுகளே ஈண்டுக் கொள்ளப்படுவன. இவற்றைக் கொண்டு கோவூர்கிழாரைச் சோழர் போரைத் தடுத்த சான்றோர் என வகுப்பிலும் மேடையிலும் போற்றி வருகின்றோம். அப்புகழுரை பாட்டுகளுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

ஆவூர் முற்றுகையிடப்பட்டபோது நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளிருந்தான். அவனை நோக்கிப் பாடியது 44ஆம் பாட்டு. நீராட்டும் நெய்ச்சோறும் பெறாத யானைகள் இடியென முழங்குகின்றன. பாலின்றிக் குழவிகள் அலறுகின்றன. மகளிர் பூவின்றி வெறுந்தலை முடிக்கின்றனர். நீரின்றி மனைகள் வாடுகின்றன. மதிலுக்குள் எழும் இவ்வோசைகளை எல்லாம் எடுத்துக்காட்டிய பின்னரே, அறத்தை விரும்பினால் உனதென்று கூறிக் கதவைத் திற, மறத்தை விரும்பினால் போரிடத் திற என்கின்றார் புலவர். போரே கூடாது என்று அவர் கூறவில்லை என்பதை நாம் மறைத்தலாகாது. இரண்டும் செய்யாது ஒளிந்திருத்தலையே அவர் நாணத்தக்கது என்கின்றார். பிறர் துயர் கேளாச் செவியே அவர் கடிந்த குற்றம்.

45ஆம் பாட்டு யாவரும் அறிந்தது. உறையூரை முற்றிய நலங்கிள்ளியையும், உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் ஒருங்கே நோக்கிப் பாடியது. எதிர் நிற்பவன் சூடியது சேரர்க்குரிய பனம்பூவன்று, பாண்டியர்க்குரிய வேம்புமன்று. இருவர் மாலையும் ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது ஒரு குடியே. பகைவனிடத்துத் தன்னையே காணச் செய்யும் இவ்வுத்தி மிகச் சிறந்ததென்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு குறை காண்கின்றோம். இப்பாட்டில் அமைதிக்குக் காட்டும் ஏது குருதியுறவு. துணையேது, பிற வேந்தர் மகிழ்வர் என்னும் அச்சம். அங்ஙனமாயின், பனம்பூவோ வேம்போ சூடியவன் எதிர்நின்றிருப்பின் புலவர் யாது கூறியிருப்பார்? உள்ளிருக்கும் பகையைத் தணிக்க வெளியிலிருக்கும் பகையை நினைவூட்டும் வழி இது. இதன் எல்லை குறுகியது.

அன்றியும், இப்பாட்டால் போர் நின்றது என்று யாண்டும் கூறப்படவில்லை. 46, 47ஆம் பாட்டுகளின் கீழுள்ள பழைய குறிப்புகள் புலவர் பாடி உயிர் காத்தார் எனத் தெளிவாக உரைக்கின்றன. 44, 45ஆம் பாட்டுகளின் குறிப்புகளோ பாடினார் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. நெடுங்கிள்ளி காரியாற்றில் துஞ்சியவன் என்பதை அவன் பெயரே அறிவிக்கின்றது. ஆகவே, கோவூர்கிழாரின் மெய்யான வெற்றியை நாம் பின்னிரு பாட்டுகளிலேயே தேடுதல் தகும்.

குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக் காலில் இட முனைந்தபோது எழுந்தது 46ஆம் பாட்டு. இச்சிறுவர் ஆத்தி சூடும் குடியினர் அல்லர். உறவு கூறி இரக்க வழியில்லை. புறாவின் துயர் தீர்த்தவன் மரபினன் நீ, புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்தளித்தோர் மரபினர் இவர் என இரு மரபையும் ஒரு தட்டில் நிறுத்துகின்றார் புலவர். பின்னர் அச்சிறுவரைக் காணுமாறு செய்கின்றார். கொல்ல வந்த யானையைக் கண்டு அவர்கள் அழுகையை மறந்துவிட்டனர்; சூழ்ந்திருக்கும் மன்றத்தைக் கண்டே மருளுகின்றனர். இவ்வோரிடமே பாட்டின் உயிர்நிலை. குழந்தைக்கு அச்சம் தந்தது விலங்கன்று, வாளா நோக்கி நின்ற மனிதர் கூட்டம். கேட்டபின் நீ விரும்பியதைச் செய் என்று முடித்து, முடிவை மன்னன் நெஞ்சிற்கே விட்டுவிடுகின்றார்.

நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது பாடியது 47ஆம் பாட்டு. பிளவுபட்ட நாட்டில் எல்லை கடந்து வருபவன் எவனும் ஒற்றனாகவே தோன்றுவான். அவன் ஒற்றன் அல்லன் என்று கோவூர்கிழார் சான்று காட்டி வாதிடவில்லை. புலவர் வாழ்க்கையையே விரித்துரைக்கின்றார். பறவை போல நெடுவழி கடந்து, பெற்றது கொண்டு மகிழ்ந்து, சுற்றத்தை ஊட்டி, எஞ்ச வையாது உண்டு வாழும் இவ்வாழ்வு பிறர்க்குத் தீங்கு எண்ணுமோ என்று வினவுகின்றார். ஐயம் அறியாமையினின்று பிறப்பது. ஆதலின் ஐயுறப்பட்டவனின் வாழ்வை அறிவித்தலே மருந்தாயிற்று. அவ்வளவில் நில்லாது, கல்வியால் தலைநிமிர்ந்து நடக்கும் புலவர் மண்ணாளும் உங்களோடு ஒத்த பெருமையர் என்றும் கூறுகின்றார். இரக்கத்தை மட்டும் வேண்டாது மதிப்பையும் கேட்டமை நோக்கற்பாலது.

பின்மூன்று பாட்டுகளும் துணைவஞ்சித் துறையின. வெல்லவோ கொல்லவோ நிற்பாரைச் சந்து செய்வித்தல் என்பது அத்துறையின் பொருள். ஒரே துறையினவாயினும் அவை ஒரே தரத்தன அல்ல என்பது நம் கருத்து. நாமும் பல்லாண்டுகள் 45ஆம் பாட்டையே இவற்றின் முடியெனக் கற்பித்து வந்தோம். இன்று அவ்வாறு கூறத் துணியோம். குலத்தாலும் சமயத்தாலும் மொழியாலும் பிரிந்து ஒருவரை ஒருவர் வெறுக்கும் மக்கள், தமக்குள் பொதுமாலை ஒன்றும் இல்லை என்றே எண்ணுகின்றனர். அவர்க்கு ஆத்தியைச் சுட்டிப் பயனில்லை. மன்றத்தை மருண்டு நோக்கிய சிறுவரின் கண்களையும், ஐயுறப்பட்ட இளந்தத்தனின் வாழ்வையும் சுட்டுதல் பயன்தரும். உறவு காட்டிப் பெறும் அமைதி உறவினரோடு முடியும். வாழ்வு காட்டிப் பெறும் அமைதி அயலாரையும் தழுவும். ஆதலின் 46, 47ஆம் பாட்டுகளை முதன்மையாகக் கற்பித்தலே இன்று தமிழாசிரியர் மேற்கொள்ளத்தக்கது என்பது நம் துணிபு.