கரன்ட் போனால் ஏலக்காய் யாருக்கு?

நியூட்ரினோ விவகாரத்தில் பேப்பரில் அடிபட்ட பொட்டிபுரத்துக்குப் பக்கத்தில்தான் போடிநாயக்கனூர். மலையில் விளைகிற ஏலக்காய் அங்கே ஸ்பைசஸ் போர்டின் மையத்தில் ஏலம் போகிறது. முன்பு கூவிக் கேட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர். 2021-ல் போடியையும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியையும் கிளவுட் மூலம் இணைத்து, இரண்டு ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்க வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் தொட்ட சரக்கு, ஞாபகமிருக்கட்டும்.

ஒரு கற்பனை (இப்படி நடந்ததாகச் சொல்லவில்லை). ஒரு லாட் கிலோ 2,400-க்கு உங்களுக்கு முடிந்தது என்கிறது திரை. அடுத்த வினாடி சர்வர்கள் மொத்தமும் படுத்துவிடுகின்றன. எழுந்ததும் ஒரு சர்வர் 2,400 என்கிறது. இன்னொன்று 2,385 என்கிறது. மூன்றாவது ‘எந்த லாட்?’ என்கிறது. விளைவித்தவருக்கு எந்தப் பணம் போகும்?

“மூணு காப்பி வெச்சிருக்கோம் சார், ஒண்ணு போனா ரெண்டு இருக்கும்” என்பார்கள் சாஃப்ட்வேர்க்காரர்கள். மூன்றும் ஒரே கட்டடத்தில், ஒரே கரன்ட்டில் இருந்தால்?

இதைத்தான் 2016-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று ஆராய்ந்து கட்டுரை எழுதியது. ராம்நாத்தன் அழகப்பன், ஐஸ்வர்யா கணேசன், தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை... ஆசிரியர் பட்டியலில் பாதி, நாகர்கோவில் எக்ஸ்பிரஸின் ரிசர்வேஷன் சார்ட் போலிருக்கிறது. ‘பேஸ்’ என்று ஒரு கருவி செய்து, ரெடிஸ், ஜூகீப்பர், மாங்கோடிபி, காஃப்கா உள்ளிட்ட எட்டு பிரபல சிஸ்டங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அகப்பட்ட ஓட்டைகள் 26. அதில் பல, தகவலே தொலைந்துபோகிற ரகம்.

ஏன் தொலைகிறது? ‘எழுது’ என்றால் கம்ப்யூட்டர் உடனே டிஸ்க்கில் எழுதிவிடாது. மெமரியில் வைத்துக்கொண்டு, சௌகரியப்பட்டபோது, சௌகரியமான வரிசையில் எழுதும். ‘இப்பவே எழுது’ என்று அதட்ட எஃப்சிங்க் என்று ஒரு கட்டளை உண்டு. அதிலும் வில்லங்கம். ஒரு ஃபைலுக்கு எஃப்சிங்க் கொடுத்தால் அது இருக்கிற டைரக்டரிக்கும் கொடுத்ததாக ஆகாது என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. கணக்கு நோட்டு பத்திரம், எந்த பீரோவில் என்ற சீட்டைத்தான் காணோம் என்கிற மாதிரி.

எனக்குப் பிடித்தது அந்தக் கருவியின் பொறுமை. ஒவ்வொரு சர்வரும் எழுதியதையும் அனுப்பியதையும் பதிவுசெய்துகொள்கிறது. பிறகு, எந்தக் கணத்தில் கரன்ட் போனால் டிஸ்க்குகளில் என்னென்ன மிஞ்சியிருக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. அனுப்பாத செய்தி வந்து சேர்ந்த மாதிரியான அபத்த நிலைமைகளைக் கழித்துவிடுகிறது. மிச்சம் ஒவ்வொன்றிலிருந்தும் சிஸ்டத்தை எழுப்பி, ‘கொடுத்த வாக்கு எங்கே?’ என்று கேட்கிறது. நிஜமாக ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் பத்து வருஷம் பிடுங்கினாலும் சில நிலைமைகள் அகப்பட்டிருக்காது.

கைல் கிங்ஸ்பரியின் ‘ஜெப்சன்’ வேறு வழி. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை அடித்து உதைத்துப் பார்ப்பது. 2013-ல் ரெடிஸின் நெட்வொர்க்கைத் துண்டித்து, 2,000 எண்களை எழுதச் சொன்னார். 1,998 எழுதியாச்சு என்றது. மிஞ்சியது 872! இந்த எண்ணிக்கை வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பேஸ் கட்டுரையில் எனக்குக் குறை இங்கேதான். இப்படி ஆகக்கூடும் என்று காட்டுகிறார்களே தவிர, எத்தனைக்கு ஒரு தடவை ஆகும் என்பது இல்லை. பட்ஜெட் போடுகிற மேனேஜருக்கு அதுதான் வேண்டும். அது இல்லாவிட்டால் ‘நமக்கு ஆகாது’ என்று ஃபைலை மூடிவிடுவார். சோதித்ததும் சின்னச் சின்ன வேலைகளை வைத்துத்தான். 26-க்கு மேல் இல்லை என்று இதைக் காட்டி யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வருஷமே இதே கோஷ்டி, எல்லா சர்வரும் விழ வேண்டாம், ஒரே ஒரு சர்வரின் டிஸ்க்கில் ஒரு துணுக்கு கெட்டால் போதுமா என்று பார்த்தது. சில சிஸ்டங்களில் போதும். கெட்டது நல்ல காப்பிகளுக்கும் பரவுகிறது. இரண்டு கட்டுரைகளும் யூஸ்னிக்ஸ் தளத்தில் இலவசம். கணிதத்தைக் கண்டு மிரளாமல், எந்த சிஸ்டத்தில் என்ன தொலைந்தது என்கிற அட்டவணைகளையாவது பாருங்கள். உங்கள் ஆபீஸ் உபயோகிக்கிற பெயர் ஒன்று அதில் இருக்கக்கூடும்.