எள்ளலும் நகையும்: திரையில் நம் முகம்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். எள்ளலால் சிரிப்பு விளையும் என்பது அவர் கண்ட இலக்கணம். அச்சிரிப்பினால் விளையும் புண்ணைக் கருதி, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்யலாகாது என்று விலக்கிற்று திருமறையின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம். தமிழ்த் திரைப்படம் முஸ்லிமைக் காட்டிய முறையை ஆராயப் புகுவார்க்கு இவ்விரண்டும் அளவுகோலாகும்.

நெடுங்காலம் திரையில் வந்த 'பாய்' ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர். தொப்பி, தாடி, கைலி. வாய் திறந்தால் 'நம்பள்கி, நிம்பள்கி'. இக்கொச்சை எவ்வூர் வழக்கு? ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வீட்டில் உருது பேசுவோர் பலர் உண்டு. ஆயினும் தோல் மண்டியிலும் கடைத்தெருவிலும் அவர்கள் நாவில் புழங்குவது வட ஆர்க்காட்டுத் தமிழே. அந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 'ஆலாபனை'க்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். கீழக்கரை, காயல்பட்டின முஸ்லிம்களுக்கோ தமிழே தாய்மொழி. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் சமுதாயம் தமிழறியாக் கூட்டமாய்த் திரையில் நின்றது விந்தையே.

இதற்கு மாறாக வந்தது ஏ. பீம்சிங் இயக்கிய 'பாவமன்னிப்பு' (1961). பிறர் பெற்ற பிள்ளையை ரஹீமாக வளர்க்கும் இஸ்மாயிலாக நாகையாவும், ரஹீமாக சிவாஜி கணேசனும் நடித்தனர். டி.எம். சௌந்தரராசனோடு நாகூர் ஹனிபாவின் குரலும் ஒலித்தது. கொச்சையில்லை, கோமாளித்தனமில்லை. எனினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும்: இஸ்மாயில் மனிதராக அன்றி மலக்காகவே வருகிறார். இழிவுபடுத்தும் அச்சு ஒன்றென்றால், உயர்த்திவைக்கும் அச்சு மற்றொன்று.

'ரோஜா' (1992) வந்தபின் மூன்றாவது அச்சு பரவிற்று. பாயின் கையில் துப்பாக்கி ஏறிற்று. 2013இல் 'விஸ்வரூபம்' படத்துக்கு எதிர்ப்பு எழுந்தது, அரசு தடுத்தது, பேச்சுவார்த்தைக்குப் பின் சில ஒலிகள் நீக்கப்பட்டுப் பிப்ரவரியில் படம் வெளியாயிற்று. புண்பட்டோர் முறையிட்டது அவர்தம் உரிமை. ஆனால், நீக்கிய இடத்தில் வேறொரு முகம் தோன்றவில்லை. கத்தரிக்கோல் ஒன்றை அகற்றும், ஆக்கித் தராது.

வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) அம்முகத்தை ஆக்கித்தர முயன்றது. அப்துல் காலிக் என்னும் இளைஞன் கதைத்தலைவன். ஒரு முஸ்லிம்மீது பழி சுமத்தப் புனையப்படும் சதி கதைப்பொருள். சிரிப்பு பாயின்மீது விழவில்லை. சதிசெய்யும் காவல் அதிகாரியின்மீது விழுகிறது. எள்ளலின் திசை மாறியதே இப்படத்தின் பெரும்பேறு. ஆயினும், காலிக் முதலமைச்சரைக் காத்தாக வேண்டியிருக்கிறது. நாட்டைக் காக்காத முஸ்லிமுக்குத் திரையில் எப்போது இடம்?

ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிஸ் 'கிதாபுல் புகலா' என்னும் கஞ்சர் நூலை இயற்றினார். மர்வ் நகரத்தாரைக் கஞ்சரென்று நகையாடிய அவர் தம் ஊரான பஸராவையும் விடவில்லை. பள்ளிவாசலில் கூடிச் சிக்கன உபாயங்களைப் பரிமாறும் பஸராவாசிகளை அவர் தீட்டிய பகுதி இன்றும் சிரிப்பூட்டும். அங்கே ஒவ்வொரு கஞ்சனுக்கும் தனிமுகமும் தனிவாதமும் உண்டு. தனிமுகம் வந்தவிடத்தில் அச்சு உடைகிறது. தமிழில் அதைச் செய்தவர் தோப்பில் முஹம்மது மீரான். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் (1988) ஆணவ முதலாளியும் உண்டு, ஏய்க்கும் தங்ஙளும் உண்டு, அவர்களை எதிர்ப்போரும் உண்டு, அனைவரும் முஸ்லிம்களே. அதைப் படித்தவர் முஸ்லிமைப் 'பாய்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்க மாட்டார்.

இனி நம் பகுதியைக் களனாகக் கொண்டு ஒரு படம் வருமாயின், அதில் காலணி தைக்கும் பெண்ணும், கடனில் ஆழ்ந்த தோல் தரகரும் வரட்டும். பாலாற்றைக் கெடுத்த தோற்கழிவு குறித்து 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்ததே, அக்கழிவை விட்ட நம்மவரும் வரட்டும். குறையில்லா முகத்தை மட்டுமே கேட்போமானால் நாம் கேட்பதும் ஓர் அச்சே. நம் குறையை நம்மவரே சிரிக்கச் சிரிக்க எழுதும் நாளில், 'நம்பள்கி' கேட்டுச் சிரிக்க அரங்கில் ஆளிராது.