மரத்தடியில் விழும் சூரியன்கள்

ஒளி எப்படிப் பயணம் செய்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட டார்ச் லைட், லென்ஸ் எதுவும் வேண்டாம். காலை பத்து, பதினொரு மணி வெயிலில் ஏதாவது ஒரு மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். வேம்பு, புங்கை, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம், எதுவானாலும் சரி. போனதும் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணாந்து சூரியனைப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

நிழலுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடப்பவற்றை விட்டுவிட்டு, தனியாக விழுந்திருக்கும் பொட்டாகத் தேடச் சொல்லுங்கள். அது வட்டமாக இருக்கும். அடுத்ததும் வட்டம்தான். இப்போது கேளுங்கள்: “மேலே இலைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கு என்ன வடிவம்?” கோணலும் மாணலுமாக இருக்கும், இரண்டு இடுக்கு ஒன்றுபோல இருக்காது. அப்படியானால் கீழே மட்டும் ஏன் எல்லாம் வட்டம்?

பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். இது பெரியவர்களையே நெடுங்காலம் திணறடித்த கேள்வி. பிரம்புப் பின்னலின் சதுர ஓட்டை வழியாக வரும் வெயில் ஏன் வட்டமாக விழுகிறது என்ற கேள்வி, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூலிலேயே இருக்கிறது. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் பதினோராம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்தார். கெப்ளர் 1604இல் வெளியிட்ட நூலில் தெளிவான விளக்கம் தந்தார். உங்கள் வீட்டுப் பிள்ளை கால் மணி நேரம் யோசித்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

யோசித்து முடித்ததும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, மிளகு அளவுக்கு முக்கோணமாக ஓர் ஓட்டை போடுங்கள். அதை வெயிலில் தரையை ஒட்டிப் பிடித்தால் வெளிச்சமும் முக்கோணமாகத்தான் விழும். மெல்ல மேலே தூக்குங்கள். முனைகள் மழுங்கும். நாற்காலி மேல் ஏறி நின்று பிடித்தால் முக்கோணம் போய் வட்டம் வந்துவிடும். பிள்ளை மறுபடியும் மறுபடியும் ஏறி இறங்கும். விட்டுவிடுங்கள், அதுதான் ரசனை.

காரணம் இதுதான். ஒளி நேராகத்தான் போகும், நடுவழியில் வளையாது. இடுக்கை ஒரு குறுகலான வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் வலப்பக்கத்திலிருந்து நேராக நடந்து வருபவர் வாசலைத் தாண்டி இடப்பக்கச் சுவரில் முட்டுவார். இடப்பக்கத்திலிருந்து வருபவர் வலப்பக்கச் சுவரில் முட்டுவார். சூரியனின் ஒவ்வொரு பகுதியிலிருந்து வரும் ஒளியும் அப்படியே இடுக்கைக் கடந்து தன் தன் இடத்தில் போய் விழுகிறது. எல்லாம் சேர்ந்தால் தரையில் சூரியனின் படம், தலைகீழாக. வட்டம் தலைகீழானாலும் வட்டம்தான் என்பதால் நமக்குத் தெரிவதில்லை. பாடப்புத்தகத்தில் வரும் ஊசித்துளைக் காமிராவும் இதேதான். மூன்று அட்டைகளில் துளையிட்டு மெழுகுவத்தியைப் பார்க்கும் சோதனையைக் குறை சொல்லவில்லை. ஆனால் மரத்தடியைப் பார்த்த பிறகு அதைச் செய்தால்தான் ருசிக்கும் என்பது என் கட்சி.

அடுத்து ஸ்கேலை எடுங்கள். சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். அது இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அதாவது குறுக்களவைப் போல ஏறக்குறைய 107 மடங்கு தூரம். தரையில் விழும் படத்துக்கும் இதே கணக்குதான். உச்சி வெயிலில் வட்டத்தின் அகலம் 3 சென்டிமீட்டர் இருந்தால், அந்த வெளிச்சம் நுழைந்த இடுக்கு சுமார் மூன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் ஏறாமலேயே கிளையின் உயரத்தை அளந்துவிடலாம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வதால் வட்டம் முட்டை போல நீளும். வெள்ளைத் தாளைச் சூரியனுக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள், வட்டம் திரும்ப வந்துவிடும்.

ஓட்டு வீடு இருப்பவர்களுக்குக் கூடுதல் யோகம். ஓட்டுக்கு இடையிலிருந்து இறங்கும் வெயில் தரையில் விழும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால், வட்டம் தன் அகலம் அளவுக்கு நகர்ந்து கோட்டுக்கு வெளியே நிற்கும். நகர்ந்தது நாம், பூமியோடு சேர்ந்து. ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதை இங்கே சொல்லலாம். ஆனால் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். “இந்த வெயில் சூரியனிலிருந்து கிளம்பி எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது” என்று மட்டும் சொல்லுங்கள், அதற்குள் நான்கு வட்டம் நகர்ந்திருக்கும்.

தரையில் கிடப்பது சூரியனின் படம்தான் என்பதற்குச் சந்தேகமில்லாத சாட்சி கிரகணம். 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, ஈரோடு, திருச்சி பக்கம் வளைய கிரகணம் தெரிந்தது. அன்று மரத்தடிப் பொட்டுகள் முதலில் பிறைகளாகின, பிறகு வளையங்களாகின. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் அதே காட்சி.

மதுரை வட்டாரத்தில் 2031 மே 21 அன்று இன்னொரு வளைய கிரகணம் வருகிறது. அன்று பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். சூரியனுக்கு முதுகு காட்டி, ஒரு மரத்தடியில் தரையைப் பார்த்தபடி நிற்க வையுங்கள்.