இடம் மறுத்தவர்கள் இடவுணர்வை அளக்கிறார்கள்

"பொட்டப்புள்ள மண்டையில கணக்கு ஏறாது" என்று சொல்லிவந்த வாத்தியார்களுக்கு இப்போது விஞ்ஞானம் கிடைத்துவிட்டது. பெண் மூளைக்கு இடவுணர்வு குறைவாம். அது கேட்டுப் படிக்கிற மூளையாம். வார்த்தைதான் புதுசு. பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் கேட்டு நிற்கிற பெண்ணைத் திருப்பி அனுப்புகிற கை பழைய கைதான்.

உருவங்களை மனசுக்குள் சுழற்றிப் பார்க்கும் சோதனையை 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் வகுத்தார்கள். இவ்வகைச் சோதனைகளில் சராசரியாக ஆண்கள் முந்துவது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. மறுக்கவில்லை. ஆனால் வித்தியாசத்தைக் காட்டிப் 'பிறவி'யை விற்கிறார்களே, கேள்வி அங்கேதான்.

2011இல் ஹாஃப்மன் குழுவினர் வடகிழக்கில் ஏறத்தாழ 1,300 பேரிடம் நாலு துண்டுப் புதிர் ஒன்றைக் கொடுத்துப் பொருத்தச் சொன்னார்கள். தந்தைவழிச் சமூகமான கார்பியில் பெண்கள் பின்தங்கினார்கள். பக்கத்திலேயே, அதே பிழைப்பு பிழைக்கிற, தாய்வழிச் சமூகமான காசியில் அந்த இடைவெளி இல்லை. இந்த வேறுபாட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குப் படிப்பே காரணம் என்று கணக்கிட்டார்கள். காசிச் சமூகத்தைப் பெண்ணுலகம் என்று கொண்டாடவும் வேண்டாம். சொத்து கடைசி மகளுக்கு வந்தாலும் ஊர் தர்பாரில் பெண்ணுக்கு மரபாக இடமில்லை. அந்த அரைகுறை உரிமைக்கே இவ்வளவு என்றால்?

217 ஆய்வுகளைத் தொகுத்த உட்டல் குழுவினர் (2013), இத்திறன் பயிற்சியால் ஆண் பெண் இருபாலருக்கும் வளரும் என்றார்கள். பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தப் போதிய ஆதாரமில்லை என்று 2008இலேயே பாஷ்லர் குழுவினர் எழுதிவிட்டார்கள்.

இந்த ஆய்வுகளிடமும் நமக்கொரு கேள்வி உண்டு. இவை பேசும் 'ஆண்' எந்தத் தெருக்காரன்? ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போகவைக்கப்பட்ட சேரிப் பையனுக்கு எந்த வெளி சொந்தம்? வீட்டிலிருந்து கோணிச் சாக்கு கொண்டுபோய் வகுப்பின் மூலையில் தனியே உட்காரவைக்கப்பட்டவர் அம்பேத்கர். அன்று பிறப்பு என்றார்கள், இன்று மூளை என்கிறார்கள். சேரிப் பெண்ணுக்கோ இரட்டைப் பூட்டு: ஊர்த்தெருவும் அடைப்பு, இருட்டினால் சொந்தத் தெருவும் அடைப்பு.

காம்பஸ் பெட்டியும் சைக்கிளும் பட்டறையும் மைதானமும் அவள் கைக்கு வரட்டும். முதல் குரூப்பின் கதவு திறக்கட்டும். அளவுகோலை அப்புறம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.