இன்றேல், ஏன்? : பாராளுமன்ற வினாவிடை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்றவுடன் கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் மாத்திரமே நினைவுகூரும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அரசு தன்னைப் பற்றித் தானே எழுதும் எழுத்தை நாம் விமர்சனத்துக்குரிய பனுவலாகக் கொள்வதில்லை. பாராளுமன்ற உரைகளைத் தாங்கிய ஹன்சாட் தொகுதிகள் நூலகத் தட்டுக்களில் வரிசையாக உள்ளன. அவற்றைப் புரட்டுவோர் மிகச் சிலரே. அவற்றுள்ளும் 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்' என்ற தலைப்பின்கீழ் வரும் பகுதி மிகவும் வறண்டது எனப் பலரும் ஒதுக்கிவிடுவது. ஆயின் ஒரு கிராமத்து வைத்தியசாலையில் மருந்து இல்லாமை, ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமை ஆகியன அரசின் உச்ச பீடத்தை எட்டுவதற்குள்ள மிகக் குறுகிய வழி அதுவேயாகும். அவ்வழி எவ்வாறு அமைந்துள்ளது, எங்கே அடைபட்டுள்ளது என்பதை வினாவும் விடையும் பற்றித் தமிழ் இலக்கண மரபு வகுத்த அளவுகோல்களைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைச்சரை வினாவும் மரபு பிரித்தானியாவிலிருந்து நமக்கு வந்தது. 1721ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு எழுப்பிய கேள்வியே பதிவாகியுள்ள முதலாவது பாராளுமன்றக் கேள்வி என்பர். தென்கடற் கம்பனி வீழ்ச்சியுற்றபின் நாட்டை விட்டோடிய அதன் காசாளர் பிடிபட்டார் என்ற செய்தி உண்மையா என்பதே அக்கேள்வி. மக்களின் பணம் எங்கே போயிற்று என்ற கவலையிலிருந்தே இம்மரபு பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில் இம்மரபு நேர்கோட்டில் வளரவில்லை. 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் யாப்பின்கீழ் அரசுச் சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். குழுவின் தலைவரே அமைச்சரானார். வினாவுபவரும் ஏதோவொரு குழுவில் இருந்து நிர்வாகத்தில் பங்குகொண்டவரே. 1947இல் சோல்பரி யாப்பு வந்தபோது அமைச்சரவை ஒருபுறமும் எதிர்க்கட்சி மறுபுறமும் அமரும் முறை நிலைபெற்றது. அவ்யாப்பின்படி பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சுப் பொறுப்பைப் பிரதமரே ஏற்க வேண்டியிருந்தது. 1978ஆம் ஆண்டு யாப்போ நிறைவேற்று அதிகாரத்தைப் பாராளுமன்ற உறுப்பினரல்லாத ஜனாதிபதியிடம் ஒப்படைத்தது. ஜனாதிபதி தம்வசம் வைத்துள்ள அமைச்சுக்கள் குறித்த வினாக்களுக்கு வேறொருவரே எழுந்து விடை கூறுகின்றார். அதிகாரம் ஓரிடத்திலும் விடை வேறோரிடத்திலுமாகப் பிரிந்தமை, பின்னர் நாம் காணப்போகும் குறைபாடுகளுக்கு ஒரு பின்னணியாகும்.

இனி இலக்கண மரபுக்கு வருவோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கப் பகுதியாகிய கிளவியாக்கத்திலேயே வினாவும் செப்பும் வழுவாமற் காக்கப்பட வேண்டும் என விதித்தார். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். அறிந்து வினாதல், அறியாது வினாதல், ஐயுற்று வினாதல், ஒன்றைப் பெறுதற்கு வினாதல், ஒன்றைக் கொடுத்தற்கு வினாதல், ஒன்றை ஏவுதற்கு வினாதல் என்பன அவ்வாறு. வகுப்பறையில் மனனஞ் செய்து பரீட்சையோடு மறந்துவிடும் இப்பாகுபாடு, சபை மண்டபத்தில் வைத்துப் பார்க்கும்போது வியக்கத்தக்க கூர்மையுடன் தொழிற்படுகின்றது.

தமது தொகுதிக்கு ஒரு பாதை எப்போது வரும் என ஓர் உறுப்பினர் கேட்பது கொளல் வினா. வெற்றிடங்களுக்கு ஆசிரியரை எப்போது நியமிப்பீர் எனக் கேட்பது வினாவின் ஆடையணிந்த ஏவல். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், அமைச்சர் தமது சாதனைகளை விரித்துரைக்க வாய்ப்பளிக்கும் வகையில் வினாவுவாராயின் அது கொடை வினாவன்றி வேறென்ன? ஆயினும் எண்ணிக்கையில் மிகுந்து நிற்பது அறியா வினாவே. எத்தனை பேர், எவ்வளவு தொகை, எந்தத் திகதி என்ற வகையில் அது நீளும்.

இவ்வினாக்களின் வாய்பாடு ஆராயத்தக்கது. பெரும்பாலான வினாக்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதலில், இன்னின்ன விவரங்களை அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா என்ற வினா. அதன்கீழ் உட்பிரிவுகள் பல. ஈற்றில் 'இன்றேல், ஏன்?' என்ற ஒரு தனி வரி. அமைச்சர் உட்பிரிவுகளுக்கு எண்களை அடுக்கிவிட்டு, ஈற்று வரிக்கு 'எழவில்லை' என்ற பொருளில் விடையளித்து அமர்வார். இந்த அமைப்பில் ஒரு பெருங் குறைபாடு மறைந்து கிடக்கின்றது. வினா முழுவதிலும் 'ஏன்' என்ற சொல் ஒரே ஓரிடத்திலேயே வருகின்றது. அதுவும் அமைச்சர் விவரந்தர மறுத்தால் மாத்திரம் உயிர்பெறும் நிபந்தனைச் சொல்லாக வருகின்றது. மருந்து ஏன் இல்லை, ஆசிரியர் ஏன் வரவில்லை என்ற காரண வினா எழுத்தில் இடம்பெறாமலே போகின்றது. ஏன் என்று கேட்டதாக உறுப்பினருக்கு ஒரு நிறைவு. அது எழவேயில்லை என்று கூறியதாக அமைச்சருக்கு ஒரு நிறைவு. இடையில், கேட்கப்பட வேண்டிய 'ஏன்' கேட்கப்படாமலே கோப்பு மூடப்படுகின்றது.

விடைகளின் நிலை யாது? சுட்டிக் கூறல், மறுத்துக் கூறல், உடன்பட்டுக் கூறல் ஆகிய மூன்றும் நேர்விடைகள். ஏவுதல், எதிர்வினாவுதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் மறைமுகமானவை. வைத்தியசாலைக்கு மருந்து வந்ததா என்பது வினாவாயின், 'முன்னைய அரசாங்கம் அனுப்பியதா?' என்பது எதிர்வினா; 'அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது' என்பது உற்றதுரைத்தல்; 'விரைவில் வந்துவிடும்' என்பது உறுவது கூறல்; 'புதிய கட்டடம் வந்துள்ளது' என்பது இனமொழி. நான்கையும் சபையில் நாம் கேட்டிருக்கின்றோம். எட்டோடு நன்னூலார் நிறுத்திக்கொண்டார்; நமது சபை 'தவணை கேட்டல்' என்ற ஒன்பதாவதையும் சேர்த்துள்ளது. விடையளிக்க இரண்டு வாரமோ ஒரு மாதமோ அவகாசம் வேண்டும் எனக் கூறி அமைச்சர் தரப்பினர் அமரும் காட்சி நமக்குப் புதிதன்று.

மறைமுக விடைகள் யாவும் குற்றம் எனக் கூறுவது பொருந்தாது. நன்னூலார் அவ்வைந்தையும் விடையென ஏற்றதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வினாவியவர் நாடிய பொருள் அவற்றாலும் கிடைக்க வேண்டும். சோறு உண்டாயா என்றவனுக்கு வயிறு வலிக்கிறது என்பது விடையே. உண்ணவில்லை என்பதை அவன் அறிந்துகொள்கின்றான். நாடிய பொருள் கிடையாதவிடத்து அது செப்பு வழுவாகும். ஊருக்கு வழி கேட்டவனுக்குக் காளையின் விலையைக் கூறுவதை உரைகாரர் இவ்வழுவுக்கு எடுத்துக்காட்டுவர். புதிய கட்டடம் பற்றிய விடை மருந்தின் இருப்பை உணர்த்துமாயின் விடை. உணர்த்தாதாயின் காளையின் விலை. சபாநாயகர் பீடத்திலிருந்து பிரயோகிக்கத்தக்க எளிய அளவுகோல் இது.

வினா வலிமை பெறுவது எப்போது என்பதற்கு இந்திய வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 1956இல் தேசியமயமாக்கப்பட்ட ஆயுட் காப்புறுதித் துறைக்கென அமைக்கப்பட்ட கூட்டுத்தாபனம், 1957இல் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகருடன் தொடர்புடைய ஆறு கம்பனிகளின் பங்குகளை ஏறத்தாழ 1 கோடியே 24 இலட்சம் ரூபாவுக்கு வாங்கியது. இதுபற்றி லோக்சபையில் வினாக்கள் எழுந்தன. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி இவ்விடயத்தைக் கையிலெடுத்தபோது, பங்குகள் சந்தை விலையினும் கூடிய விலைக்கு வாங்கப்பட்டமையை விவரங்களோடு முன்வைத்தார். நீதியரசர் எம். சி. சக்லா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பெப்ரவரியில், சென்னையைச் சேர்ந்தவரான நிதியமைச்சர் ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். ஈண்டு இரு செய்திகள் கவனத்துக்குரியன. பெரோஸ் காந்தி ஆளும் காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்தவர், பிரதமரின் மருமகனுங்கூட. அவர் வினாவியது அறியா வினாவன்று; விடையை முன்னரே தேடியறிந்து, அதனை அமைச்சரின் வாயாலே நாட்டுக்கு உரைப்பிக்க முனைந்த அறிவினா.

இதற்கு மறுதலையான ஓர் உதாரணத்தைப் பிரித்தானியா தருகின்றது. ஈரான், ஈராக் ஆகிய நாடுகளுக்குப் படைக்கல உபகரணங்களை ஏற்றுமதி செய்வதுபற்றிய நெறிகள் 1985இல் அங்குப் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டின் இறுதியில் கனிட்ட அமைச்சர் மூவர் அவற்றைத் தமக்குள் தளர்த்தினர். பாராளுமன்றத்துக்கு அது கூறப்படவில்லை. பின்னர் வினாவிய உறுப்பினர்களுக்குக் கொள்கை மாறவில்லை என்றே விடை கிடைத்தது. 1992இல் ஏற்றுமதியாளர் மீதான வழக்கொன்று சரிந்தபின் நியமிக்கப்பட்ட சேர் றிச்சாட் ஸ்கொட், 1996 பெப்ரவரியில் வெளியான அறிக்கையில் அவ்விடைகள் உண்மைநிலையைத் திரித்துக் காட்டின என்பதை நிறுவினார். அறிக்கை மீதான வாக்கெடுப்பில் அரசாங்கம் 320க்கு 319 என ஒரேயொரு வாக்கினாற் பிழைத்தது. அமைச்சர் எவரும் பதவி துறக்கவில்லை. நன்னூல் நோக்கில் 'மாறவில்லை' என்பது குறையற்ற நேர்விடை. வடிவில் வழுவற்ற விடை பொருளிற் பொய்யாக இருக்கலாம் என்பதையும், அதனை வெளிக்கொணர வினாவோடு ஆவணங்களும் வேண்டும் என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

ஆவணம் பெறும் வழி இன்று நம் நாட்டிலும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பிரசை ஒருவர் கோரும் தகவலை வழங்குவதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எத்தனை, எவ்வளவு, எப்போது என்ற வினாக்களை அஞ்சலட்டை எழுதத் தெரிந்த எவரும் இன்று அரசிடம் கேட்கலாம். இதே விவரங்களைப் பெறுவதற்கு மக்கள் பிரதிநிதி சபையில் எழுந்து, தவணைகளைக் கடந்து காத்திருப்பது என்ன பயன் தரும்? அறியா வினாவைப் பிரசையிடம் விட்டுவிட்டு, பெற்ற விவரங்களோடு சபைக்கு வந்து அறிவினாவை எழுப்புவதே உறுப்பினருக்குரிய பணியாகும். 'எத்தனை வெற்றிடங்கள் உள்ளன?' என்பதை விடுத்து, 'இத்தனை வெற்றிடங்கள் இத்தனை ஆண்டுகளாக நிரப்பப்படாமைக்குக் காரணம் யாது? அதற்குப் பொறுப்பாளர் யார்?' என வினா அமையுமாயின், 'எழவில்லை' என்ற விடைக்கு அங்கு இடமிராது.

எண்களும் வேண்டியவையே, அவை ஹன்சாட்டில் ஏறுவதால் நிலையான சான்றாகின்றன எனச் சிலர் வாதிடுவர். அது மறுக்கற்பாலதன்று. ஆயின் சான்று வழக்கின் தொடக்கமேயன்றித் தீர்ப்பாகாது. வாய்மூல விடைக்கென்று ஒதுக்கப்பட்ட நேரத்தில் அட்டவணைகள் சபாபீடத்தில் வைக்கப்பட்டு, மேலதிகக் கேள்வியுமின்றி அடுத்த வினாவுக்குச் சபை நகருமாயின், வாய்மூலம் என்ற சொல்லே பொருளிழக்கின்றது.

தமிழ் வாசகர் எதிர்கொள்ளும் இன்னொரு தடையையும் குறிப்பிடல் வேண்டும். யாப்பின் 20ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் எதிலும் தமது கடமையை ஆற்றும் உரிமையை உறுப்பினருக்கு வழங்குகின்றது. ஹன்சாட்டில் வினா சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் அச்சாகின்றது. விடையோ அமைச்சர் உரைத்த மொழியிலேயே அச்சாகின்றது. ஆதலின் தம் ஊர் வைத்தியசாலை பற்றிய வினாவைத் தமிழில் வாசிக்கும் ஒருவர், அதன் விடையைப் பெரும்பாலும் சிங்களத்திலேயே தேட வேண்டியுள்ளது. கேட்பதற்கு ஒரு மொழியும் அறிவதற்கு வேறொரு மொழியும் என்றாகும்போது, வினாவும் உரிமை பாதியளவே நிறைவேறுகின்றது. விடைகளையும் மும்மொழியில் அச்சிடுவதற்குப் புதிய யாப்பு எதுவும் வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரும் மனமும் இருந்தாற் போதும்.

வினாவையும் செப்பையும் வழுவாமற் காக்கும் பொறுப்பு வினாவுவோருக்கும் விடையிறுப்போருக்கும் மாத்திரம் உரியதன்று, கேட்டிருப்போருக்கும் உரியது. வாசிக்கப்படாத பனுவலில் வழுக்கள் பெருகுதல் இயல்பு. கலைப்பீடத்து மாணவராகிய நாம் ஒரு சிறுகதையின் நடையை ஆராயச் செலவிடும் உழைப்பிற் சிறு பகுதியையேனும் ஹன்சாட்டின் மீது செலுத்துவோமாயின், எந்த வினா யாருக்காகக் கேட்கப்பட்டது, எந்த விடை எந்த வினாவைத் தவிர்த்தது என்பன வெளிப்படும். எழவில்லை எனக் கூறப்பட்ட 'ஏன்'கள் அங்கே பல காத்துக்கிடக்கின்றன.