கைப்பட வரைந்த மலைகள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிட நினைப்பவர்கள் பலர் முந்தின இரவே விரித்துவைப்பது ஆல்ஃபிரட் வெயின்ரைட்டின் கையேட்டைத்தான். ஏழு தொகுதிகள், 214 மலைகள். எழுத்து, படம் இரண்டுமே மனிதர் கைப்பட மையால் தீட்டியவை. வரிகளின் இரு ஓரமும் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றன. அந்தப் பொறுமையைப் பார்த்தாலே இவர் சொல்லும் வழியை நம்பலாம் என்று தோன்றிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவை ஏறுபாதைப் படங்கள். பக்கத்தின் அடியில் ஊரும் கற்சுவர்களும் வரைபடமாகக் கிடக்கும். கண் மேலே போகப் போக அதுவே மெல்ல நிமிர்ந்து, உச்சியில் நேரே பார்க்கிற மலையாகிவிடும். பாறையின் சொரசொரப்பு, புல்சரிவின் வழவழப்பு எல்லாம் பேனாக் கீற்றிலேயே விரலுக்குத் தட்டுப்படுவதுபோல் இருக்கும். உச்சியில் நின்றால் எந்தத் திசையில் எந்த மலை தெரியும், அங்கிருந்து அடுத்த முகட்டுக்கு எப்படிப் போவது என்பதும் உண்டு. எந்த வழியில் ஏறி எந்த வழியில் இறங்குவது என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடலாம். முதல் தொகுதி வந்தது 1955இல். பாதைகள் பிறகு மாறியிருக்கின்றன; நடக்கப் போகிறவர்கள் திருத்திய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.